பச்சைச் சாவும் வறண்ட சாவும்: மலைக்கதைகளில் துக்கம் ஆறும் விதம்

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் மொழியில் இறுதிச் சடங்குக்கு இரண்டு பெயர் உண்டு. உடலை எரிக்கும் நாளில் நடப்பது ‘பச் தாவ்’. பல மாதம் கழித்து, சில சமயம் வருடங்கள் கழித்து நடப்பது ‘வர்ள் தாவ்’. இரண்டையும் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அகராதி வேண்டாம். பச்சைச் சாவு, வறண்ட சாவு. நாம் புண்ணுக்குச் சொல்வதை அவர்கள் சாவுக்குச் சொல்கிறார்கள்: முதலில் பச்சையாக இருக்கிறது, பிறகு காய்கிறது.

நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. அங்கே பச்சைச் சாவு குறிப்பிட்ட ஒருவருக்கானது. வறண்ட சாவு, அதற்கு முந்தைய வறண்ட சாவுக்குப் பிறகு ஊரில் இறந்த அத்தனை பேருக்கும் சேர்த்து, பனிக்காலத்தில் பல நாள் நடந்தது. கணவனையோ மனைவியையோ இழந்தவர் துக்கக் கட்டுப்பாடுகளிலிருந்து முழுதாக விடுபட்டது அதற்குப் பிறகுதான். அழுகையில் தொடங்கும் சடங்கு ஆட்டத்திலும் பாட்டிலும் முடிந்தது. இன்று பல ஊர்களில் அது நடப்பதில்லை. ஆனால் இரண்டு சாவுக்கும் நடுவே விடப்பட்ட அந்த இடைவெளி, துக்கத்தைக் கதையாக எழுதும் எவரும் நின்று பார்க்க வேண்டிய இடம். தமிழில் வரும் இழப்புக் கதைகளில் பெரும்பாலானவை பச்சைச் சாவை நன்றாகவே எழுதுகின்றன. பாடை, பறை, ஒப்பாரி எல்லாம் இருக்கின்றன. பிறகு அதே வீச்சில் கடைசிப் பத்தியில் ஆறுதலும் வந்துவிடுகிறது. நடுவில் இருக்க வேண்டிய காலம் கதையில் இல்லை. அதனால்தான் அந்த ஆறுதலை நம்ப முடிவதில்லை.

அதே மலையின் இன்னொரு பழங்குடியினரான தோடர்களிடமும் இதே இரண்டு அடுக்கு இருந்தது. முதல் சடங்குக்குப் பின் இறந்தவரின் தலைமயிரும் மண்டையோட்டின் ஒரு துண்டும் துணியில் பொதிந்து வைக்கப்படும். இரண்டாவது சடங்கில் அந்தப் பொதிதான் இறந்தவர். மறுபடி அழுகை, மறுபடி எருமைப் பலி, மறுபடி தீ. இறந்தவரின் பயணம் மேற்கே, முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கம். வழியில் நூலால் ஆன பாலம் ஒன்று உண்டு என்றும், தப்புச் செய்தவர் அதிலிருந்து அட்டைகள் நிறைந்த ஆற்றில் விழுவார் என்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் சோலைக்குள் போய் வந்தவருக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மறு உலகத்தைக்கூட இந்த மலையின் ஈரத்தை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

தோடர் சாவில் எல்லோரும் எழுதிவைத்த ஒரு காட்சி, இருவர் சேர்ந்து அழும் முறை. எதிரெதிரே குனிந்து, நெற்றியை நெற்றியோடு முட்டவைத்து அழுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத அளவு நெருக்கம். கண்ணீர் கீழே, இருவருக்கும் நடுவே விழும். சிறிது நேரம் கழித்து ஒருவர் எழுந்து இன்னொருவரிடம் போவார், மறுபடி நெற்றி சேரும். கதாசிரியர் கவனிக்க வேண்டியது இந்த உடல் அமைப்பை. கட்டிப்பிடிப்பதில் ஒருவர் தாங்குகிறார், ஒருவர் சாய்கிறார். நெற்றி சேர்ப்பதில் இருவருக்கும் ஒரே எடை, ஒருவர் விலகினால் மற்றவர் தடுமாறுவார். தேற்றுபவர் என்று தனியாக ஒருவர் அங்கே கிடையாது.

இதையெல்லாம் விரிவாகப் பதிவுசெய்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1901-02இல் நீலகிரியில் தங்கி வேலை செய்து, 1906இல் தோடர்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். மானிடவியல் படிப்பவர்களுக்கு இந்த ரிவர்ஸைத் தெரியும். உளவியல் படிப்பவர்களுக்கு வேறொரு ரிவர்ஸைத் தெரியும். இருவரும் ஒரே ஆள். முதல் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்தில் எடின்பரோவை ஒட்டிய கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், போர்முனையில் மனம் நொறுங்கிய அதிகாரிகளுக்கு மருத்துவம் பார்த்தார். அந்த அனுபவத்தை வைத்து அவர் ஆற்றிய உரை 1918 பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. துக்கக் கதை எழுதுபவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பக்கங்கள் குறைவு.

அப்போது நோயாளிகளுக்குச் சொல்லப்பட்ட வழக்கமான ஆலோசனை, “மறந்துவிடு, நல்லதை நினை, வேறு வேலையில் கவனம் வை.” அவர்களும் பகல் முழுக்க அப்படியே முயன்றார்கள். இரவில் கனவு வந்து கழுத்தைப் பிடித்தது. ஓர் அதிகாரி தன் நண்பரைத் தேடிப் போய், குண்டில் சிதறிய உடலாகக் கண்டவர். ஒவ்வொரு இரவும் அதே சிதறிய உருவம். ரிவர்ஸ் அவரிடம் மறக்கச் சொல்லவில்லை. அந்தக் காட்சிக்குள்ளேயே இருந்த ஓர் உண்மையைக் காட்டினார்: உடல் அந்த நிலையில் இருந்தது என்றால், நண்பர் வலி தெரியாமல் அக்கணமே போயிருக்கிறார், நெடுநேரம் துடிக்கவில்லை. பிறகு பல இரவுகள் கனவு வரவில்லை. வந்தபோது, அந்த அதிகாரி நண்பரின் பக்கத்தில் மண்டியிட்டு, குடும்பத்தாருக்குக் கொடுப்பதற்காக அவரிடமிருந்த பொருள்களை எடுத்துக்கொண்டிருந்தார். திகில் இல்லை. துக்கம் மட்டும் இருந்தது.

கனவு நிற்கவில்லை, மாறியது. துக்கமும் போகவில்லை. திகில் போய், துக்கம் துக்கமாக இருக்க இடம் கிடைத்தது. மாறியதற்குக் காரணம் வெளியிலிருந்து கொண்டுவந்த ஆறுதல் வாசகம் அல்ல, அந்தச் சாவுக்குள்ளேயே இருந்த, அதுவரை பார்க்கப்படாத ஒரு சின்ன உண்மை. அதே கட்டுரையில் இன்னொருவரைப் பற்றியும் ரிவர்ஸ் சொல்கிறார். வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய ஒரு பிணத்தின் மேல் முகம் புதைய விழுந்தவர். அந்த நினைவில் பற்றிக்கொள்ள எந்த ஒரு நல்ல கோணமும் கிடைக்கவில்லை என்று ரிவர்ஸ் நேர்மையாக எழுதுகிறார். அவருக்கு ராணுவத்தை விட்டு விலகிக் கிராமப்புறம் போவதே வழியாக இருந்தது. எல்லாச் சாவிலும் அந்தச் சின்ன உண்மை இருந்தே தீரும் என்று கதை அடம் பிடிக்கக் கூடாது.

மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் கண்ட இரண்டாவது சடங்குக்கும் எடின்பரோ மருத்துவத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று இங்கே சொல்ல வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கதையின் எலும்பு கிடைக்கிறது: முதலில் சாவு, பிறகு காலம், பிறகு அதே சாவுக்கு வேறு நிலையில் திரும்பி வருதல்.

தமிழ் இதை ஒரு வினையில் வைத்திருக்கிறது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனசு ஆறுகிறது. டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதைப் பாருங்கள். ஒரு கையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறார். தூரம் வேண்டும், நடுவே காற்று வேண்டும், மறுபடி மறுபடி ஊற்ற வேண்டும். ஒரே ஊற்றலில் ஆறாது.

துக்கக் கதைகளைக் கெடுத்த ஒரு பொதுஅறிவு உண்டு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து படிகள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இவற்றைச் சொன்னது, தாங்கள் சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. பின்னால் அது இழந்தவர்களின் துக்கத்துக்குப் பொருத்தப்பட்டு, திரைக்கதை வகுப்பு வரை வந்துவிட்டது. ஐந்து படியை வைத்துக் கதை கட்டினால் கதாபாத்திரம் படிக்கட்டு ஏறுகிறது. நிஜத்தில் யாரும் ஏறுவதில்லை, போய்ப் போய் வருகிறார்கள். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் ஆகியோர் வகுத்த மாதிரி கதைக்கு அதிகம் உதவும். அவர்கள் கணக்கில் துக்கத்துக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் இழந்தவரை நோக்கிய ஏக்கம், அழுகை, நினைவு. இன்னொரு பக்கம் ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவது, இறந்தவர் செய்துவந்த வேலையைக் கற்றுக்கொள்வது. மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறார். ஒரே நாளில் பத்து முறைகூட.

கதையில் இதை எப்படி வைப்பது? கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர்களின் லைன் வீட்டில் அண்ணியும் நாத்தனாரும். இருவரும் பல வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். அண்ணி இறந்துபோகிறார். 2500 சொல்லில் கதை என்றால், சாவு முதல் 300 சொல்லுக்குள் நடந்துவிட வேண்டும். மூன்றாம் நாள் பால் தெளிப்பது வரை கதையின் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. பாதிக் கதை இடைக்காலத்துக்கு. மிச்சக் கால் பங்கு, இரண்டாவது சாவுக்கு, அதாவது வறண்ட சாவுக்கு. பெரும்பாலான கைப்பிரதிகளில் இது தலைகீழாக இருக்கிறது. சாவு வீடு முக்கால், இடைக்காலம் ஒரே வரி: “நாட்கள் ஓடின.” அந்த ஒரு வரியில்தான் கதை ஓடிப்போகிறது.

இடைக்காலத்தை நிரப்ப வேலை வேண்டும். தோட்டத்தில் அது ஏராளமாகக் கிடக்கிறது. பதினாறு முடிந்து நாத்தனார் வேலைக்கு வருகிறார். அண்ணியின் நிரை காலியாக இருக்கிறது. மேஸ்திரி, “அந்த நிரைய யாராச்சும் எடுத்துக்கங்கம்மா” என்கிறார். யாரும் நகரவில்லை. கொழுந்து எடுக்கும் சுற்று பருவத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். ஒரு சுற்று தவறினால் கொழுந்து நீண்டு முற்றும். இரண்டு சுற்று தவறினால் செடியின் மட்டமே போய்விடும், பக்கத்து நிரைகளைவிட ஒரு கை உயரம் எழும்பி நிற்கும். இளங்கொழுந்து விரலில் சட்டென்று ஒடியும். முற்றியது ஒடியாது, வளையும், நார் உரிந்து தொங்கும், இழுத்தால் விரல் நுனி வெட்டுப்படும். மூன்றாவது சுற்றில் நாத்தனார் தன் நிரையை முடித்துவிட்டு அந்த நிரைக்குள் இறங்குகிறார். முற்றியதை ஒடித்துக் கீழே போடுகிறார், கூடைக்குள் போட முடியாது, எடை போடும் இடத்தில் கழித்துவிடுவார்கள். கூலி இல்லாத வேலை. மட்டம் வந்தபிறகு, செடிக்கு நடுவே, அண்ணி வெற்றிலை மடித்துச் செருகிவைக்கும் கவையில் கை படுகிறது.

இந்தக் காட்சியில் ‘துக்கம்’ என்ற சொல் தேவைப்படவில்லை. ‘கண்ணீர்’ கதை முழுக்க ஒருமுறை வந்தால் போதும், அதுவும் சாவு வீட்டில் வேண்டாம். சாவு வீட்டில் எல்லோரும் அழுவார்கள், அது செய்தியே ஆகாது. எடை போடும் இடத்தில், தராசு ஆடி நிற்கும் அந்த நொடியில் வரட்டும்.

இதில் தவறு நிகழும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். வெற்றிலைக் கவையைக் கண்டதும் நாத்தனார் வாழ்க்கையின் பொருளை உணர்வதாக எழுதினால் எல்லாம் போச்சு. அவர் அங்கே உணரக்கூடியது, “இந்தக் கவை எனக்கு எக்கினாத்தான் எட்டுது, அண்ணி என்னைவிட உசரம்” என்ற அளவில் இருக்கட்டும். ரிவர்ஸ் காட்டிய சின்ன உண்மை இந்த அளவுதான் இருக்கும். அது உடலைப் பற்றியதாக, அளவைப் பற்றியதாக, அந்த ஒருவருக்கே உரியதாக இருக்கும். எல்லோருக்கும் பொருந்தும் உண்மை என்றால் அது பொன்மொழி.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழப்பு அதில் ஒன்று மட்டுமே. பிறரால் தாழ்த்தப்படுவது, இருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை ஆகிய மற்ற மூன்றும் அதன் கூடவே வரும். கைப்பிரதி சப்பென்று இருந்தால் இந்த நான்கையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். கணவனை இழந்தவளுக்கு இழவு மட்டும் இருக்கிறதா, அல்லது விசேஷ வீட்டில் ஓரமாக உட்காரவைக்கப்படும் இளிவும் இருக்கிறதா? லைன் வீட்டை யார் பெயருக்கு மாற்றுவது என்ற கேள்வியின் அசைவு எங்கே? பச்சைத்தேயிலை விலை விழுந்த மாதத்தில் கருமாதிக்குக் கடன் வாங்கிய வறுமை எங்கே? நான்கில் இரண்டு சேர்ந்தாலே கதைக்குக் கனம் வந்துவிடும்.

நீலகிரியின் படகர் சமூகத்தாரின் சாவில் இன்னொரு பாடம் இருக்கிறது. உயிர் பிரியும் நேரத்தில் ‘வீரராய பணம்’ என்ற மிகச் சின்னப் பொற்காசை நெய்யில் தோய்த்து வாயில் இடுவது பழைய வழக்கம். பிறகு சுடலைக்குப் போகும் முன், பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை வரிசையாகச் சொல்வார். கரு ஹரசோது என்பது இதன் பெயர். பாவம் 1300 என்பது மரபுக் கணக்கு. ஊர்ந்த பாம்பைக் கொன்றது, பல்லியைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பிக்குள் கோள் மூட்டியது, மலையில் வழி தவறி வந்தவனுக்குத் தப்பான வழி காட்டியது, உடன்பிறந்தவளிடம் பல்லைக் காட்டிச் சீறியது, இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் சேர்ந்து, அது பாவம் என்று குரல் கொடுக்கும். அந்தப் பாவங்கள் பசவன் என்ற நந்தியின் காலடிக்குப் போகட்டும் என்று கேட்டு, கன்று ஒன்றை அவிழ்த்துவிடுவது வழக்கமாக இருந்தது.

கவனியுங்கள், இறந்தவர் இதையெல்லாம் செய்தாரா என்ற விசாரணை அங்கே இல்லை. மனிதன் செய்யக்கூடிய எல்லாமும் சொல்லப்படுகிறது. அவற்றுள் அவர் நிஜமாகச் செய்ததும் ஒளிந்திருக்கும், கூட்டத்தில் இருப்பவர் எவருக்கோ அது தெரிந்தும் இருக்கும். எல்லைக் கல் என்ற சொல் வரும்போது பக்கத்து நிலத்துக்காரர் தொண்டையைச் செருமுவார். நம் கதைகளில் இறந்த அப்பா தெய்வம், இறந்த அம்மா தியாகி. அப்படி எழுதினால் துக்கம் கெட்டியாகாது, ஏனென்றால் தெய்வம் செத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செத்தவர் கடன் வைத்துவிட்டுப் போனவராக, ஒரு முறை கையோங்கியவராக, தம்பியிடம் பதினைந்து வருடம் பேசாதவராக இருக்கட்டும். திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் நிற்கும் மகனிடத்தில்தான் வாசகர் நெருங்கி வருவார். கதையில் ஓர் இடத்திலாவது இறந்தவரின் தப்பு ஒன்று சத்தமாகச் சொல்லப்பட வேண்டும். சொல்பவர் எதிரியாக இல்லாமல், அவரை அதிகம் நேசித்தவராக இருந்தால் நல்லது.

சாவு வீட்டுப் பேச்சுக்குத் தனிக் கவனம் வேண்டும். பழனி மலையின் அடிவாரக் கிராமங்களில் ‘கேதம் கேட்கப் போறோம்’ என்பார்கள். நீலகிரியில் துக்கம் விசாரிப்பது. இரண்டிலும் முக்கிய வினை கேட்பதுதான். வருகிறவர் தத்துவம் சொல்வதில்லை. “எப்ப ஆச்சு?” “கடைசியா என்ன சாப்பிட்டாரு?” “பக்கத்துல யாரு இருந்தா?” இந்த மூன்று கேள்வியும் ஒவ்வொருவரும் கேட்பார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வார். காலையில் சொல்லும்போது வார்த்தை வராது, முன்பின்னாக வரும், ஆஸ்பத்திரி முதலில், மயக்கம் பிறகு. நாற்பதாவது ஆளிடம் சொல்லும்போது அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்திருக்கும். “ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு, போதும்னாரு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தாரு” என்று முடியும். துக்கம் விசாரிக்க வருபவர்கள், தாங்கள் அறியாமலே, அந்த வீட்டாரைக் கதை சொல்லவைத்துவிடுகிறார்கள். கதாசிரியர் இதை அப்படியே பயன்படுத்தலாம்: ஒரே சாவை மூன்று முறை சொல்லவைப்பது, முதல் நாள், பதினாறாம் நாள், ஒரு வருடம் கழித்து. ஒவ்வொரு முறையும் ஒரு விவரம் விழட்டும், ஒரு விவரம் புதிதாக ஏறட்டும். எது விழுகிறது, எது ஏறுகிறது என்பதிலேயே ஆறுதல் எந்த அளவு நடந்திருக்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் “போய்ட்டு வர்றேன்” என்று சொல்வதில்லை. எழுந்து, ஒரு முறை பார்த்துவிட்டு, சொல்லாமல் போவார்கள். வசனம் எழுதும்போது இது தப்பினால், கதை நம் ஊரில் நடக்கவில்லை என்று வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

உடலோ சமாதியோ கைக்கு எட்டாத இழப்புகளும் இந்த மலையில் உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. இலங்கை மலையகத்தில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அதுதான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. உள்ளூரில் அவர்களுக்கு இன்றும் ‘சிலோன்காரங்க’ என்று பெயர். அவர்கள் விட்டுவந்தவற்றுள் புதைத்த பிள்ளைகளின் இடங்களும் இருந்தன. கார்த்திகைக்கு விளக்கு வைக்க அந்த மண் இல்லை. உயிரோடு இருக்கும் தங்கை அக்கரையில், குடியுரிமை வேறு, ஒருத்தி சாவுக்கு மற்றவள் போக முடியாது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்டதை முடிவு தெரியாத இழப்பு என்று வகைப்படுத்தினார். இதற்குப் பச்சைச் சாவே நடந்திருக்காது, எனவே வறண்ட சாவும் நடக்காது. இத்தகைய கதையின் கடைசியில் பேரன் விமானம் ஏறிப்போய் அந்த மண்ணைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எழுதுவது பெரிய பிழை. அந்தப் பிரயாணம் எழுதப்படலாம். ஆனால் அங்கே லயம் என்ற லைன் வீடுகள் இடிந்து, தேயிலை கைமாறி, குழி எது என்று காட்ட ஆள் இல்லாமல் இருக்கும். பேரன் கொண்டுவருவது தவறான இடத்து மண்ணாகவும் இருக்கலாம். அதைப் பாட்டியிடம் சொல்வானா மாட்டானா என்பதில் கதை இருக்கிறது.

மண்சரிவும் இந்த வகைதான். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் சரிந்த மண் 40க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அங்கே வீடு நின்ற இடமே கிடையாது. விளக்கு வைக்க ஒரு மூலை வேண்டும் என்றால் மூலை இல்லை. இதை எழுதும்போது வருட நாளைத் தேதியாகக் குறிப்பிடாமல் மழையாகக் குறிப்பிடுங்கள். ஐப்பசியில் தகரக் கூரை மேல் தூறல் கனமாகும் சத்தம் மாறும்போது, அந்த வீட்டார் தூங்குவதை நிறுத்திவிடுவார்கள். காலண்டரைவிட அது சரியாக நாள் சொல்லும்.

ஊட்டியின் பழைய துக்கம் ஒன்று யாரும் எழுதாமல் கிடக்கிறது. ஊரை உருவாக்கியவர் என்று ஏரிக்கும் உருளைக்கிழங்குக்கும் பேர் பெற்ற ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் 1838இல் இறந்து, செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்தில் அடக்கமானார்கள். வரலாற்றுக் கட்டுரைகளில் அது ஒரு வரி. அதே காலத்தில் அவருக்குச் சுமை தூக்கி, ஏரி வெட்டி மாண்டவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை. ஒரே கதையில் இரண்டு கல்லறையையும் வைத்து எழுத இடம் இருக்கிறது.

இந்தச் சடங்குகளைக் கதைக்குள் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோடர், கோத்தர் சாவு அவர்களுடைய வீட்டு விஷயம். படம் எடுத்து, தோடர்களின் போர்வையான பூத்துக்குளியின் சிவப்பு கறுப்புப் பூவேலையை வர்ணித்து, கதைக்கு அழகு சேர்க்கும் பொருளாக வைக்காதீர்கள். உங்கள் கதாபாத்திரம் அந்தச் சமூகத்தவர் இல்லையென்றால், அவர் தூரத்திலிருந்து என்ன பார்க்க முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்: மேட்டுக்கு அந்தப் பக்கம் புகை, கொம்பின் சத்தம், சாலையோரம் நிறுத்திய ஜீப்புகள். அது போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அந்தச் சமூகத்துப் பெரியவரிடம் கேட்டு, எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

எழுதுவதே மருந்தாகுமா என்று பலர் கேட்கிறார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் நடத்திய ஆய்வில் மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்வில் நேர்ந்த மிகக் கடினமான சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த அன்று மனம் மோசமானது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் அண்மையில் துணையை இழந்தவர்களிடம் இதே முறையைச் சோதித்த ஸ்ட்ரோப் குழு 2002இல் பெரிய பலன் எதையும் காணவில்லை. ஆகவே எழுத்துப் பட்டறை நடத்துபவர்கள், வீட்டில் சாவு நடந்து சில வாரமே ஆனவரை அதைப் பற்றி எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் காய்கறிச் சந்தையைப் பற்றி எழுதட்டும். துக்கம் வேண்டுமானால் அங்கேயே வரும். வாசித்துக் காட்டும்போது குரல் உடைந்தால் கைதட்டாதீர்கள், தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

எல்லாத் துக்கமும் கதையால் ஆறாது. நெருங்கியவரை இழந்து 6 மாதத்துக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே நடக்காத அளவுக்கு ஏக்கம் தொடர்ந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டுக் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்று வைக்கிறது. இதற்கு மருத்துவம் இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மலையில் சில பகுதிகளில் சிக்னல் கிடைக்காது. பட்டறை நடத்துபவர் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டே வகுப்பைத் தொடங்கலாம்.

கதையை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மிச்சம். நாத்தனார் கதைக்கே திரும்புவோம். அவர் மட்டம் கொண்டுவந்த நிரையை அடுத்த சுற்றில் மேஸ்திரி ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுக்கிறார். பதினெட்டு பத்தொன்பது வயது, கல்யாணமாகி வந்தவள், கூடைக் கயிறு தலையில் நிற்கவில்லை. நாத்தனாருக்கு அவள்மேல் கோபம்தான் வர வேண்டும், அன்பு வரக் கூடாது, இன்னும் நேரமாகவில்லை. இரண்டு மணி நேரம் அவளோடு பேசாமல் கொழுந்து எடுக்கிறார். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, செடிக்கு நடுவே இருந்த கவையில் தன் தண்ணீர் பாட்டிலைச் செருகுகிறாள். அவளும் உயரம். நாத்தனார் பார்க்கிறார், “அங்க வெக்காத, வெயில் படும்” என்கிறார். கதை அங்கே நிற்கலாம்.